புதிதாக சோப் சர்வீஸ் எழுதுகிறவர்களுக்கு: என்கோடட் பக்கம் போகாதீர்கள்

சோப் என்பது இரண்டு கம்ப்யூட்டர் அமைப்புகள் எக்ஸ்எம்எல் செய்திகள் மூலம் பேசிக்கொள்ளும் முறை. அதில் தரவை எழுத இரண்டு வழிகள்: சோப்பின் சொந்த விதிகளின்படி எழுதும் என்கோடட், ஸ்கீமாவில் (எக்ஸ்எம்எல்லின் வடிவத்தை விவரிக்கும் கோப்பு) உள்ளபடியே எழுதும் லிட்டரல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் சோப் வெப் சர்வீஸோடு எங்கள் ஆர்டர் அமைப்பை இணைக்கும் வேலை எனக்கு வந்தது. டெஸ்டிங்கில் எல்லாம் ஓடியது. லைவ் போன பிறகு சில ஆர்டர்களில் மட்டும் டெலிவரி முகவரி காலியாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் லாக்கைப் புரட்டிய பிறகுதான் பிடிபட்டது: பில் முகவரியும் டெலிவரி முகவரியும் ஒன்றாக இருக்கிற ஆர்டர்களில்தான் இந்தக் கோளாறு. டெஸ்டிங்கில் நாங்கள் எப்போதும் இரண்டு வெவ்வேறு முகவரிகளைத்தான் போட்டிருந்தோம்.

நடந்தது இதுதான். எங்கள் கோடில் இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே ஆப்ஜெக்ட். சர்வீஸை விவரிக்கும் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்லில் ஆர்பிசி (செய்தியை ஒரு ஃபங்ஷன் அழைப்பு மாதிரி எழுதும் நடை) என்கோடட் என்று இருந்ததால், எங்கள் லைப்ரரி முகவரியை ஒரு முறை முழுதாக எழுதி அதற்கு ஓர் ஐடி கொடுத்தது. இரண்டாவது இடத்தில் அந்த ஐடியைச் சுட்டும் ஒரு ஹெச்ரெஃப் மட்டும் வைத்தது. இப்படிச் சுட்டி எழுதுவதை என்கோடட் விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அந்தப் பக்கம் செய்தியைப் பிரித்துப் படித்த கோட் ஹெச்ரெஃபைத் தேடிப் போகவில்லை. டேகுக்குள் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டது. கடைசியில் முகவரியை நகல் எடுத்து இரண்டாவது இடத்தில் வைத்தோம். சில வரித் திருத்தம்தான். ஆனால் பார்சலுக்காகக் காத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அன்றிலிருந்து என் நிலைப்பாடு ஒன்றுதான். ஒரு செய்தி சரியா தவறா என்பதை ஸ்கீமாவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடிய வேண்டும். லைப்ரரி எப்படிப் புரிந்துகொள்ளும் என்ற ஊகத்துக்கு அங்கே இடம் இருக்கக் கூடாது.

என்கோடட் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சோப் 1.1 வெளியானது 2000 மே மாதம். எக்ஸ்எம்எல் ஸ்கீமா, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையானது 2001 மே மாதம். இடைப்பட்ட ஒரு வருடத்தில் அரே, ஸ்ட்ரக்ட், ஆப்ஜெக்ட் இவற்றையெல்லாம் எக்ஸ்எம்எல்லில் எழுத ஏதாவது ஒரு முறை வேண்டாமா? அதற்காக சோப் 1.1-இன் ஐந்தாம் பிரிவில் எழுதி வைத்ததுதான் இந்த என்கோடிங். ஸ்கீமா வந்த பிறகும் டூல்கள் அதை விடவில்லை. ஒவ்வொரு டூலும் அரேயையும் டைப்பையும் கொஞ்சம் வேறு மாதிரி எழுத, ஜாவாவும் டாட்நெட்டும் பேசிக்கொள்ளவே தனி உழைப்பு தேவைப்பட்டது. 2004-இல், வெவ்வேறு டூல்களின் வெப் சர்வீஸ்கள் ஒத்துப்போக விதிகள் வகுத்த டபிள்யூஎஸ்-ஐ அமைப்பின் பேசிக் புரொஃபைல் 1.0, லிட்டரல் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதுவதற்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் வந்தபோது என்கோடட்டுக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு.

சரி, லிட்டரல் என்று முடிவானால் அடுத்து ஆர்பிசியா, டாக்குமென்டா (செய்தியை ஓர் எக்ஸ்எம்எல் ஆவணமாகவே எழுதும் நடை)?

ஆர்பிசி லிட்டரலை நான் அரைகுறைத் தீர்வு என்றே சொல்வேன். செய்தியின் உள்ளடக்கப் பகுதியான பாடிக்குள் இருக்கும் வெளி டேகின் பெயர் டபிள்யூஎஸ்டிஎல்லின் ஆபரேஷன் (நாம் கூப்பிடும் செயல்) பெயரிலிருந்து வருகிறது. ஸ்கீமாவில் அது கிடையாது. அதனால் பாடியை அப்படியே ஒரு சாதாரண வேலிடேட்டரிடம் கொடுத்துச் சரிபார்க்க முடியாது.

டாக்குமென்ட் லிட்டரலில் பாடி முழுவதும் ஸ்கீமாவில் உள்ள எலிமென்ட். சரிபார்ப்பது சுலபம். ஆனால் வெறும் டாக்குமென்டாக அனுப்பினால் எந்த ஆபரேஷனைக் கூப்பிடுகிறோம் என்பது செய்தியில் தெரியாமல் போகலாம். இரண்டு ஆபரேஷன்கள் ஒரே 'ஆர்டர்' எலிமென்டை எடுத்துக்கொண்டால், எந்தச் செயல் என்று பாடிக்கு வெளியே சொல்லும் சோப் ஆக்ஷன் ஹெடரை நம்ப வேண்டி வரும். நடுவில் ஒரு பிராக்ஸி அதைத் தட்டிவிட்டால் கதை முடிந்தது.

இதற்குத்தான் ராப்டு. டபிள்யூஎஸ்டிஎல்லில் இந்தப் பெயரில் ஒரு நடையே கிடையாது. டாக்குமென்ட் லிட்டரலையே ஓர் ஒழுங்கோடு எழுதும் வழக்கம் இது. டபிள்யூஎஸ்டிஎல்லில் உள்ளீட்டுச் செய்திக்கு ஒரே ஒரு பார்ட் (செய்தியின் கூறு). அது சுட்டும் எலிமென்டின் பெயரும் ஆபரேஷனின் பெயரும் ஒன்று. பாராமீட்டர்கள் எல்லாம் அதற்குள். ஆபரேஷன் பெயரும் கிடைக்கிறது, ஸ்கீமா சரிபார்ப்பும் கிடைக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண் சரிபார்க்கும் வீஸ் சர்வீஸ் இதற்கு நல்ல உதாரணம். 'செக்வாட்' என்ற எலிமென்டுக்குள் நாட்டுக் குறியீடும் வாட் எண்ணும், அவ்வளவுதான். அந்த எக்ஸ்எம்எல்லை ஒரு முறை பார்த்தாலே எதைக் கேட்கிறது என்று புரிந்துவிடும்.

ராப்டில் ஒரே பெயரில் இரண்டு ஆபரேஷன்கள் வைக்க முடியாது என்று சிலர் குறைப்படுகிறார்கள். பேசிக் புரொஃபைலே அதை அனுமதிப்பதில்லை. அப்புறம், நெட்வொர்க் வழியாகக் கூப்பிடும் ஒன்றுக்கு வேறு பெயர் வைப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

என்கோடட் தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. ஒரே பொருளைப் பல இடங்களில் சுட்டும் தரவை லிட்டரலில் எப்படி அனுப்புவது? என் பதில்: அந்தத் தொடர்பு உங்கள் தொழிலுக்கு முக்கியம் என்றால் ஸ்கீமாவிலேயே எழுதுங்கள். முகவரிகளுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஆர்டரில் அந்த எண். படிக்கிற எல்லோருக்கும் அது தெரியும். லைப்ரரி தானாகச் செய்துகொள்ளும் ஐடி விளையாட்டில் அது யாருக்கும் தெரியாது.

உள்ளே கணக்குச் சீட்டு, காப்பீட்டு விண்ணப்பம் மாதிரி உண்மையிலேயே ஒரு ஆவணம்தான் போகிறது என்றால், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனி வேர் எலிமென்ட் இருக்கும் வரை, ராப்பர் இல்லாத டாக்குமென்டையும் நான் எதிர்க்க மாட்டேன்.

பழைய என்கோடட் சர்வீஸ் ஒன்று உங்கள் தலையில் வந்து விழுந்தால் அதன் டைப்களை உங்கள் கோட் முழுக்கப் பரவ விடாதீர்கள். அதோடு பேச எல்லையில் ஒரு சின்ன அடாப்டர் போதும். லைவ் போவதற்கு முன், ஒரே முகவரியை இரண்டு இடத்திலும் வைத்து ஓர் ஆர்டர் அனுப்பிப் பாருங்கள்.