பெரிய கண் வேண்டாம் என்றதற்கா இவ்வளவு கோபம்?

கூட்டத்தில் நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் போயிருக்கும். அன்றாட வாழ்வில் கண்காணிப்பு பற்றி ஒரு அருங்காட்சியகம் என்று சொல்லித்தான் என்னை வடிவமைக்கக் கூப்பிட்டார்கள். நான் வரைந்து கொடுத்த சாதாரண வீட்டுக் கூடத்தைத் தூக்கிவிட்டு அங்கே இருட்டு நடைபாதை, சிவப்பு விளக்கு, கூரையிலிருந்து முறைக்கும் ராட்சதக் கண். அப்போதுதான் செல்ஃபி எடுப்பார்களாம். ஆஹா!

அன்றாடம் என்று பெயரில் வைத்துக்கொண்டு அன்றாடத்தையே வெளியே தள்ளினால் எப்படி? முறைக்கும் கண்ணைக் குழந்தைகூடக் கண்டுகொள்ளும். என் கூடத்து மேஜையில் கலர் லேசர் பிரிண்டரில் எடுத்த ஒரு தாள், பக்கத்தில் பூதக்கண்ணாடி, நீல விளக்கு. விளக்கை அடித்தால் பிரிண்டரே சத்தமில்லாமல் அடித்து வைத்த, வெறும் கண்ணுக்குப் படாத மஞ்சள் புள்ளிகள் கறுப்பாகத் தெரியும். எந்த பிரிண்டர், எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம் அந்தப் புள்ளிகளில். 2005இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அந்தக் குறியீட்டை உடைத்துக் காட்டியது. எதிரே ஒரு டிவி. வாங்கியவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்லாமல் கொள்ளாமல் நொடிக்கு நொடி பதிந்த வழக்கை முடிக்க, டிவி விற்கும் விசியோ நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது. அந்த டிவி யாரையும் முறைக்கவில்லை.

கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசி பற்றிய பெர்லின் அருங்காட்சியகம் பயத்தை வைத்துத்தானே நிற்கிறது என்று ஒருவர் வருவார். ஐயா, அங்கே போய்ப் பாருங்கள், பூவாளிக்குள் ஒளித்த கேமரா இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி! உளவுத்துறையே சாதாரணப் பொருளுக்குள்தான் ஒளிந்தது, நீங்கள் அதற்கு இமை வைத்து மை தீட்டுகிறீர்கள்.

கேமராவால் திருடன் பிடிபடுகிறானே? பிடிபடட்டும், சந்தோஷம்.

'மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம்' என்பவர்களிடம்தான் எனக்குப் பேச்சு. என் ஃபோன் எங்கே இருக்கிறது என்று என் அக்காவுக்கு எப்போதும் தெரியும், பாதுகாப்புக்காக. ஒரு நாள் வேலை முடிந்து, கிளம்பப் பிடிக்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவுதான். உடனே அழைப்பு, "ஏன்டி அங்கேயே நிக்கறே?" பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எங்கே நின்றாலும் என்ன காரணம் சொல்வது என்று மனசு முதலில் அதைத்தான் தேடுகிறது. மறைக்க ஒன்றுமில்லை, சரி, சொல்லவும்தான் ஒன்றுமில்லை. அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை கிடையாதா?

இதைக் கூட்டத்தில் சொன்னேன். சொந்தக் கதையெல்லாம் இங்கே வேண்டாமே என்றார்கள். அப்புறம் நுழைவுச்சீட்டு வாங்க வருகிறவரின் ஃபோன் நம்பர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் கேட்கும் படிவத்துக்கு மட்டும் அதே கூட்டத்தில் எதற்குக் கை தட்டினீர்கள்?