வெறுந்தட்டில் முள் எங்கே நிற்கிறது?

சனிக்கிழமை கிருஷ்ணகிரிக் கூட்டத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கும், காணொளியைப் பகிர்ந்து எனக்குத் "தராசுக்காரர்" என்று பட்டம் சூட்டி மகிழ்ந்தவர்களுக்கும் கதையை மறுபடி சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: ஒரு தம்பி பழைய கணினி நிரல் ஒன்றையும் தான் எழுதிய புதியதையும் மடிக்கணினியில் ஓட்டிக்காட்டி, புதியது 40 சதவீதம் வேகம் என்றான்; நான் ஒரு கேள்வி கேட்டேன், கூட்டம் சிரித்தது. ஆனால் என் கேள்வி வெட்டப்பட்டுச் சிரிப்பு மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதால், கேள்வியை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன். "தம்பி, பழைய நிரலையே இரண்டு முறை ஓட்டினால் இரண்டு நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது?" அவ்வளவுதான் கேட்டேன்.

அது தெரியாமல் "40 சதவீதம் வேகம்" என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஓடிய பழைய நிரல் அந்தப் பெரிய கோப்பை வட்டிலிருந்து படித்தது. அடுத்துப் புதியது ஓடியபோது அதே கோப்பு நினைவகத்தில் தயாராக இருந்தது. ஒருமுறை படித்ததை இயங்குதளம் அங்கேயே வைத்திருக்கும். அதாவது முதலாமவர் கிணற்றில் நீர் இறைத்தார், இரண்டாமவர் குடத்திலிருந்து மொண்டு குடித்தார். போதாததற்கு மடிக்கணினியில் சார்ஜர் செருகப்படவில்லை. பேட்டரியிலும் சூட்டிலும் கணினியின் செயலி (பிராசசர்) தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். அதன் விசிறி இரைந்தது மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

என் அப்பா இதே ஊரில் மாங்காய் மண்டியில் கணக்கெழுதியவர். பெங்களூரா மாங்காய் வந்து குவியும் நாளிலும், விவசாயியின் கண்முன்னே வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்பதைக் காட்டி, காலிக் கூடையைத் தனியே நிறுத்து எழுதிக்கொண்ட பிறகுதான் சரக்கை ஏற்றுவார். நடுவில் மழை பெய்தால் கூடை நனைந்து கனத்திருக்கும் என்று காலிக் கூடையை மறுபடியும் நிறுப்பார். அவரையும் "ஈரக்கூடைக் கணக்கர்" என்று கேலி செய்தார்கள். எனக்கு இது புதிதல்ல.

"இதற்கெல்லாம் கருவிகள் இருக்கின்றனவே" என்பீர்கள். இருக்கின்றன, அதைத்தான் நானும் சொல்கிறேன். பைத்தான் நிரல்மொழியோடு வரும் டைம்இட் என்ற நேரம் அளக்கும் கருவி, மொத்த நேரம் குறைந்தது 0.2 நொடி ஆகும்வரை சுற்றுகளின் எண்ணிக்கையைத் தானே கூட்டிக்கொண்டுபோய், அதன் பிறகே 5 முறை அளக்கிறது. காரணம் இல்லாமலா? விண்டோஸின் சாதாரணக் கடிகாரம் இயல்பாக நொடிக்கு 64 முறைதான் நகரும். அதைக்கொண்டு ஒரு மில்லிநொடி வேலையை அளந்தால் 0 என்று வரும், அல்லது ஏறத்தாழ 15.6 என்று வரும். மாங்காய்த் தராசில் மூக்குத்தியை நிறுப்பது போலத்தான்.

"பயனர் வீட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்காகவா இருக்கும்?" என்று ஒருவர் கேட்டது நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டு நிரல்களையும் அதே ஒழுங்கற்ற நிலையில், முன்பின் மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். ஒன்றுக்கு மட்டும் சலுகை காட்டாதீர்கள். "நேரமில்லை" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மீம் போட நேரம் இருந்திருக்கிறது.

"வளரும் பிள்ளையைப் பாராட்ட மனமில்லை" என்பதுதான் சுட்டது. அந்தத் தம்பிக்கு முதன்முதலில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். அவன் எழுதிய நிரல் நன்றாகவே இருக்கிறது, படிக்கவும் தெளிவாக இருக்கிறது. அதைப் பாராட்டத்தான் கை தூக்கினேன். அதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள்.

ஞாயிறு இரவு சார்ஜரைச் செருகி, செயலி தானாக வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போவை அணைத்து, கோப்பை முன்னதாகவே ஒருமுறை படிக்கவைத்து, இரண்டு நிரல்களையும் மாற்றி மாற்றி 30 முறை ஓட்டினேன். பழைய நிரலுக்கும் அதே பழைய நிரலுக்கும் இடையிலேயே 4 சதவீதம் ஆட்டம் இருந்தது. புதியதன் வேகம் 3 சதவீதம் கூடுதல். அட்டவணையை அன்றிரவே அவனுக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்து மூன்று நாளாகிறது.