தெரிந்த வேலையிலும் தேவன் வேண்டுமா?

ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் ஜெப விண்ணப்பங்களைக் கவனித்துக் கேட்டால், நம் விசுவாசம் எதுவரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது தெரிந்துவிடும். வளைகுடா வேலைக்கான விசா, நர்சிங் முடித்த மகளின் நேர்முகத் தேர்வு, தள்ளிக்கொண்டே போகும் கல்யாணக் காரியம், அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை, போட்டித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் மகன் என்று வாசிக்கப்படுபவை எல்லாமே நம் கைக்கு எட்டாத காரியங்கள். இவற்றுக்காக ஜெபிக்க வேண்டியதுதான். ஆனால், பல வருடங்களாகக் கணக்குப் பாடம் நடத்திவரும் ஆசிரியர் ஒருவர் நாளைய வகுப்புக்காக ஜெபிக்கும்படி சீட்டு எழுதிக் கொடுத்து நான் கேட்டதில்லை. நன்றாக ஓடும் கடையின் முதலாளியும் கொடுப்பதில்லை. நமக்குத் தெரியாதது கர்த்தருக்கு, தெரிந்தது நமக்கு என்று ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை யாருக்கும் சொல்லாமல் எழுதி வைத்திருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேவனைச் சார்ந்திருப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் நோயையும் கடனையும் தோல்வியையுமே உதாரணம் காட்டுகிறோம். முட்டுச்சந்தில் நிற்பவன் மேலே பார்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை; அவனுக்கு வேறு திசை கிடையாது. கைவந்த தொழிலில், பிறர் நம்மிடம் யோசனை கேட்க வரும் காரியத்தில், நாம் யாரைச் சார்ந்து நிற்கிறோம் என்பதுதான் உண்மையான சோதனை என்பது என் கருத்து.

லூக்கா சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களைப் போல நெருக்கமாக வாசிக்கக்கூடியவர்கள் குறைவு. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எந்தக் கடற்கரையில் கேட்டாலும், இரவெல்லாம் மீன் கிடைக்காமல் திரும்பியவனின் மனம் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். மீனவனான பேதுருவும் அவன் கூட்டாளிகளும் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, அன்றைய தொழில் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில், தச்சன் வீட்டில் வளர்ந்த இயேசு படகில் ஏறி உட்கார்ந்து, ஆழத்திலே தள்ளிக்கொண்டு போய் வலையைப் போடச் சொல்கிறார். குளச்சலிலோ தூத்தூரிலோ கரையில் நின்று ஒரு வெளியாள் இப்படிச் சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. பேதுருவோ தன் தொழிலறிவை மறைக்கவும் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. இராமுழுவதும் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்று உள்ளதைச் சொல்கிறான். "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்கிறான்.

இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வெறும் வலையோடு திரும்பிய அந்த இரவு பேதுருவை உடைக்கவில்லை. அவன் வலையை அலசி வைத்துவிட்டு மறுநாளுக்குத் தயாராகியிருப்பான். வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்த பிறகுதான் அவன் இயேசுவின் பாதத்தில் விழுந்து, நான் பாவியான மனுஷன் என்று கதறுகிறான். தனக்கு நன்றாகத் தெரியும் என்று அவன் நினைத்திருந்த கடலிலேயே, தன் கணக்குக்கு அடங்காத ஒன்றை அவன் கண்டான்.

நியாயாதிபதிகள் 7ஆம் அதிகாரத்தில் வரும், இஸ்ரவேலரைப் போருக்கு நடத்திய கிதியோனின் சரித்திரமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. அவனோடு 32,000 பேர் திரண்டிருந்தார்கள். பயந்தவர்கள் 22,000 பேர் திரும்பிப் போனார்கள். மீந்த 10,000 பேரிலும் 300 பேரையே கர்த்தர் நிறுத்திக்கொண்டார். தங்கள் கையே தங்களை இரட்சித்தது என்று இஸ்ரவேலர் வீம்பு பேசிவிடக்கூடாது என்று அதற்கான காரணமும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த 300 பேரும் கூடாரத்தில் படுத்து உறங்கவில்லை. எக்காளமும் பானையும் தீவட்டியும் ஏந்தி நடுச்சாமத்தில் எதிரியின் பாளயத்தைச் சூழ்ந்து நின்றார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் படிக்காமல் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கும், கணக்கே எழுதாமல் சபைப் பணத்தைக் கையாளும் பெரியவர்களுக்கும் இந்த அதிகாரத்தில் இடமில்லை.

நம்முடைய மாவட்டத்துக்கு இந்த ஆபத்து சற்று அதிகம் என்று நினைக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்திலேயே முதலிடம். மருத்துவர்களும் செவிலியர்களும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். உபாகமம் 8ஆம் அதிகாரம், பசியோடு வனாந்தரத்தில் நடப்பவர்களைப் பார்த்து எச்சரிக்கவில்லை; நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, சாப்பிட்டுத் திருப்தியான பிறகு, என் சாமர்த்தியமும் என் கைபெலனுமே இதைச் சம்பாதித்தது என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்பவர்களை எச்சரிக்கிறது. அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைக்கும் ஏத்தன், மட்டி வாழைக்குலைகளைப் பாருங்கள். மண் வெட்டி, உரம் வைத்து, காற்றுக்குச் சாயாமல் முட்டுக் கொடுத்து வளர்த்தவன் அதைத் தோளில் சுமந்து வந்து முன்னால் வைக்கிறான். தனக்கு நன்றாகத் தெரிந்த தொழிலின் பலனையே அவன் படைக்கிறான். மாதச் சம்பளக்காரர்களான நாம் காணிக்கைக் கவரில் ரூபாயைப் போடும்போது அந்த உணர்வு வருகிறதா என்பது சந்தேகந்தான். பிறகு அந்தக் குலையை ஏலத்தில் எடுக்கும் போட்டியில் யாருடைய பெருமை ஏறுகிறது என்பது வேறு கதை.

தாழ்மை என்ற பெயரில் நடக்கும் நடிப்பையும் சொல்லியாக வேண்டும். 'நான் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தர்' என்று தொடங்கி, அரை மணி நேரம் தன்னைப் பற்றியே சொல்லி முடியும் சாட்சிகளை நாம் கேட்காதவர்களா? கன்வென்ஷன் ஃபிளெக்ஸ் பேனரில் பிரசங்கியாரின் முகம் ஆளுயரத்துக்கு நிற்க, வசனம் அடியில் ஒரு வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. திறமை உள்ளவன் தனக்குத் திறமையே இல்லை என்று சொல்வது தாழ்மை ஆகாது, அது பொய். பெற்றுக்கொள்ளாதது உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பவுல் கொரிந்தியரிடம் கேட்டார். உன்னிடத்தில் ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. மிஷன் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு முன்பு மருத்துவர் ஒரு நிமிடம் ஜெபிக்கும் வழக்கத்தை நான் மிகவும் மதிப்பது இதனால்தான். தன் கைக்குப் பழக்கமான வேலையைத் தொடங்கும் முன்பு அவர் தலை குனிகிறார். ஜெபித்து முடித்ததும் படித்த படிப்பு முழுவதையும் பயன்படுத்துகிறார்.

சார்ந்திருப்பவனை அடையாளம் காண இன்னொரு வழியும் உண்டு. வேலையை விட்டுக்கொடுக்கும் நேரத்தில் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தால் போதும். 1806இல் நம் மாவட்டத்து மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர், ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்து, சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் தொடங்கி, 1816இல் உடல்நலம் குன்றிப் புறப்பட்டுப் போனார். அதன்பின் அவருக்கு என்ன ஆயிற்று என்பதே தெளிவாகத் தெரியவில்லை. அடுத்த மிஷனரியான மீட் ஐயர் 1818இல் வரும்வரை இங்கே வெளிநாட்டு மிஷனரி எவரும் பொறுப்பில் இல்லை. அந்த இடைக்காலத்தில் சபையைத் தாங்கி நடத்தியவர், மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம். ஐயர் போன பிறகும் வேலை நின்றுபோகவில்லை.

இந்த வரலாற்றை ஆண்டுவிழாதோறும் பெருமையோடு சொல்லும் நம் சபைகளில்தான், கமிட்டியின் காலம் முடிந்த பிறகும் ஆலய பீரோவின் சாவியைப் புதியவரிடம் கொடுக்க மனம் வராத செயலாளர்களும் இருக்கிறார்கள். நான் இல்லாவிட்டால் இங்கே எதுவும் நடக்காது என்று அவர்கள் சொல்லும்போது, அவர்களுடைய உழைப்பை நான் சந்தேகப்படவில்லை. அந்த வேலையை யாருடையது என்று நினைக்கிறார்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.