ஐசி காட்டியாச்சு, அப்புறம் என்ன?

பொலிஸ் மறித்துக் கேட்டால் ஐசியை, அதாவது தேசிய அடையாள அட்டையை, காட்டத்தான் வேண்டும். இதில் எனக்கு வாதமே இல்லை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது, இப்போது 15 வயதிலேயே அட்டை எடுக்க வேண்டும். றோட்டில் நின்று "நான் ஏன் காட்ட வேணும்" என்று கத்துகிற வீடியோக்களுக்கு லைக் போடுகிற ஆள் நானில்லை. ஊருக்குள் ஐஸ் போதைப்பொருள் வந்து பள்ளிக்கூடப் பெடியள் வரைக்கும் போய்விட்ட நேரத்தில் சோதனையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். என் கேள்வியெல்லாம் அட்டையைக் காட்டிய பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

அண்மையில் எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவனை, வேலை முடிந்து திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து வரும்போது மறித்திருக்கிறார்கள். ஒருவர் சீருடையில், மற்றவர் டீசேர்ட்டும் ஜீன்ஸும். ஐசி கேட்டது டீசேர்ட்காரர்தான், தான் யார் என்று சொல்லாமலே. கொடுத்தான். அவர் அதை மோட்டார் சைக்கிள் டாங்கியின் மேல் வைத்து, தன்னுடைய சொந்தப் போனில் முன்பக்கம் பின்பக்கம் என்று படம் எடுத்து, போனோடு சேர்த்து அட்டையையும் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, "ஸ்டேசனுக்கு வா, அங்க தாறன்" என்றாராம். போனான். இரவு வரை வாங்கில் இருத்தி வைத்துவிட்டு, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

கேட்காததற்கு அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்க்காலத்தில் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குக் கும்பிடப் போகவே கோட்டை வாசலில் பையைத் திறந்து காட்டிய ஆட்கள் நாங்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரை, ஐசி கையில் இருந்தும், பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் அது நின்றது. அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்டில் போய்விட்டது, வாயைத் திறக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆனால் ஒன்று. "சும்மா வந்திட்டுப் போ" என்று கூப்பிட்டாலும், வராவிட்டால் விடமாட்டார்கள் என்றால் அது கைதுதான். இது நான் சொல்வதில்லை. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற வழக்கில், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரைப் பயணத்தைத் தொடரவிடாமல் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னதே சட்டப்படி கைது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது என்றால் காரணம் சொல்லவேண்டும், அரசியலமைப்பின் 13(1) அதைத்தான் சொல்கிறது. பிடியாணை இல்லாமல் பிடித்தவரைச் சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்கு மேல் நீதவான் முன் கொண்டுபோகாமல் வைத்திருக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை, அது 1979இலிருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது.

போக்குவரத்துக் குற்றத்துக்கு லைசன்ஸை எடுத்தால்கூட பதிலுக்கு ஒரு தற்காலிகத் துண்டு எழுதித் தருகிறார்கள். ஐசியைப் பொக்கெட்டில் போட்டதற்கு என்ன துண்டு? அந்தப் படம் இப்போது யாருடைய வாட்ஸ்அப்பில் கிடக்கிறது? கையெழுத்து விஷயம் இன்னும் மோசம். வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்லும்போது, வாசிக்கத் தெரியாத தாளில் ஒரு பெடியன் கையெழுத்து வைக்கிறான் என்றால் அதில் என்ன எழுதியிருந்தது என்று நாளைக்கு யார் சொல்வது? தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அதுவரை பேனையைத் தொடாதீர்கள்.

டீசேர்ட்டில் வந்தவரிடம் "சேர், உங்கட ஐடியைக் காட்டுவீங்களா" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. ஆத்திரப்பட்டால் விடுங்கள், பெயரையும் நேரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம், திருகோணமலையிலேயே அலுவலகமும் இருக்கிறது.

பெடியனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் ஆணைக்குழுவுக்குப் போகத் தயார். தாய்தான் வேண்டாம் என்று நிற்கிறார், முறைப்பாட்டுப் படிவத்தில் வீட்டு விலாசம் எழுத வேண்டுமாமே என்று கேட்கிறார். அந்த விலாசம்தான் ஏற்கெனவே அந்தப் போனில் இருக்கிறதே அக்கா என்று சொன்னால் பதில் இல்லை.