டவுன்ஹாலுக்கு யார் வருகிறார்கள்?

போன சனிக்கிழமை அம்மாவோடு கோவை டவுன்ஹால் பக்கம் ரங்கே கவுடர் வீதிக்கு வரமிளகாய் வாங்கப் போயிருந்தேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. போனில் அமுக்கினால் வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் ஆகாது. மிளகாயைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்க்க வேண்டும், "போன தடவை காரமே இல்லீங்க" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கிலோவுக்குப் பத்து ரூபாயாவது குறைக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு மிளகாய் வாங்கிய மாதிரி இருக்கும்.

சிங்காநல்லூரிலிருந்து டவுன் பஸ். 2021-க்கு அப்புறம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை என்பதால் அம்மா மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை டவுனுக்கு வந்துவிடுகிறார். முன்பெல்லாம் தீபாவளிக்கு ஒருமுறை, கோனியம்மன் தேருக்கு ஒருமுறை, அவ்வளவுதான். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் அம்மா வயதுக்காரர்கள், கையில் கட்டைப்பை. கோவையின் பழைய மையத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று எல்லாரும் பேசுகிறோம் அல்லவா? என் கணக்கில் அந்தக் கட்டைப்பைகள் செய்ததில் பாதியைக்கூட உக்கடம் பெரியகுளக்கரையில் போட்ட கலர் லைட் செய்யவில்லை. கோபப்படுகிறவர்கள் படுங்கள், முழுசாகப் படித்துவிட்டுப் படுங்கள்.

அப்பா நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில் இருந்தார், அம்மா நூலைச் சுற்றும் ரீலிங்கில். ஒரே பஞ்சு மில். எந்த மில் என்பது வேண்டாம், மூடி ரொம்ப நாளாயிற்று. சங்கு ஊதினால் எங்கள் வீதியே எழுந்துகொள்ளும், கடிகாரம் பார்த்து நான் பள்ளிக்கூடம் போனதாக ஞாபகம் இல்லை. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்தான் ஆரம்பம் என்பார்கள். கரிசல் மண் பருத்தி கொடுத்தது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நூல் அறுந்துபோகாத ஈரத்தைக் கொடுத்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஊரைச் சுற்றி மில் மில்லாக முளைத்துவிட்டது. பீளமேடு, உப்பிலிபாளையம், சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு புகைபோக்கி.

இந்த வரலாறு எல்லாருக்கும் தெரியும். அந்த மில் சம்பளம் எங்கே போய்ச் செலவானது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தீபாவளி போனஸ் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஒப்பணக்கார வீதியில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நடக்கவே வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். துணி ஒப்பணக்கார வீதியில், பாத்திரமும் நகையும் ராஜ வீதியும் பெரிய கடை வீதியுமாக, மணிக்கூண்டுப் பக்கம் எனக்கு ஒரு செருப்பு, முடித்துவிட்டு ஒரு சினிமா. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டர் அந்தப் பக்கம்தான். பின்னால் அதற்கு டிலைட் என்று பெயர். இப்போது கட்டடம் இல்லை, வெரைட்டி ஹால் ரோடு மட்டும் இருக்கிறது. ஆக, டவுனை நடத்தியது மில் கூலி. மில் படுத்தபோது டவுனும் சேர்ந்து படுத்தது.

அதற்கு நடுவில் 1997, 1998. அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனசு வரவில்லை. கலவரமும் குண்டுவெடிப்பும் முடிந்த பிறகு பல வருடங்களுக்கு எங்கள் வீட்டில் டவுன்ஹால் என்றாலே "எதுக்கு சாமி அங்க, கிராஸ்கட்டுலயே வாங்கிக்கலாம்" என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டுமில்லை. கோட்டைமேட்டைச் சுற்றிப் போட்ட செக்போஸ்ட்டைக் கடந்து வியாபாரத்துக்குப் போன ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். காந்திபுரமும் கிராஸ்கட் ரோடும் பெருத்ததற்கு பஸ் ஸ்டாண்டு ஒரு காரணம் என்றால், இந்தப் பயம் இன்னொரு காரணம். மையத்தின் சரிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'பார்க்கிங் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

சரி, இப்போது நடக்கும் வேலைகளுக்கு வருவோம். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலிலேயே கோவை இருந்தது. டி.பி. ரோட்டில் நடைபாதையை அகலப்படுத்தினார்கள், ரேஸ் கோர்ஸை மாற்றினார்கள், உக்கடம் பெரியகுளத்துக் கரையை அழகாக்கினார்கள். 2024 ஆகஸ்டில் உக்கடம் பாலம் திறந்தது. 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம். நான் குறை சொல்ல வரவில்லை. சாயங்காலம் பெரியகுளத்துக் கரையில் உட்கார்ந்தால் மேற்கே மலை தெரிகிறது, காற்று அடிக்கிறது, குழந்தைகள் ஓடுகின்றன. இதே இடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவன் நான். நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குளக்கரைக்கு வருகிறவர் குளக்கரையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெரிய கடை வீதிக்கு அவர் வருவதில்லை. ஏன் வருவார்? நடைபாதை என்ற ஒன்று அங்கே கடைச் சரக்குக்கும் டூவீலருக்கும் அடியில் எங்கேயோ இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்க நிழல் இல்லை. சனிக்கிழமை அம்மாவுக்குக் கழிப்பறை தேட வேண்டியிருந்தது. இருந்த ஒன்று பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஒரு துணிக்கடைக்குள் போய் இரண்டு உள்பாவாடை எடுத்தோம், அந்த உரிமையில் அவர்களுடைய கழிப்பறைக்குப் போனோம். உள்பாவாடை 340 ரூபாய்.

இத்தனைக்கும் அந்த வீதிகள் செத்துப்போகவில்லை. இடையர் வீதிச் சந்துகளில் மாடி மாடியாக நகைப் பட்டறை, குனிந்த தலை நிமிராமல் வேலை நடக்கிறது. ரங்கே கவுடர் வீதியில் மூட்டை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அங்கே செல்ஃபி ஸ்பாட் தேவையில்லை. மூட்டை தூக்குகிறவருக்குத் தண்ணீரும், மதியம் சாய ஒரு நிழலும், சரக்கு ஆட்டோ நிற்க ஒழுங்கான நேரமும் இடமும் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு மேம்பாலத் தூணின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்தது மில் நிலம். மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்து மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, அதற்கப்புறம் சரியாக ஓடவே இல்லை. பங்கஜா, முருகன், ரங்கவிலாஸ், கம்போடியா, அப்புறம் அந்த ஸ்டேன்ஸ் மில்லும்தான். ஊருக்கு நடுவில், பஸ் போகும் ரோட்டில், மரங்களோடு மதில் சுவருக்குப் பின்னால் கிடக்கின்றன. இன்னொரு பக்கம் 1910-ல் தொடங்கிய லட்சுமி மில்ஸ் வளாகத்தின் ஒரு பகுதி கடைகளும் காபிக்கடைகளுமாக மாறியிருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளாமல் புழங்கவிட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே ஒரு காபியின் விலையைக் கேட்டு அம்மா "எத்தனை பேருக்கு?" என்று கேட்டார், அது வேறு கதை. தனியார் இடத்தில் அவர்கள் இஷ்டம். பொதுச் சொத்தாக இருக்கும் மில் நிலத்திலும் அதையேதான் செய்யப் போகிறோமா? வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிற ஊர். பட்டறை வைக்க வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கு வெளியே போகிறவர்களுக்கும், டவுனில் வேலை பார்த்துவிட்டுத் தூங்க 15 கிலோமீட்டர் போகிறவர்களுக்கும் அந்த நிலத்தில் ஒரு மூலை கிடைக்கக் கூடாதா? மேலே குடியிருப்பு, கீழே பட்டறை என்பது நமக்குப் புதிதா என்ன? இடையர் வீதி அப்படித்தானே இருக்கிறது.

தூங்க 15 கிலோமீட்டர் என்று சும்மா எழுதவில்லை. மிளகாய் வாங்கிவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவோடு ரீலிங்கில் இருந்த அக்கா ஒருவர் எதிரே வந்தார். முத்தண்ணன் குளத்து மேட்டில் ரொம்ப வருடம் குடியிருந்தவர். குளத்தைச் சீரமைக்கக் கரையிலிருந்த வீடுகளை எடுத்தபோது அவருக்குக் கீரணத்தத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள், சரவணம்பட்டியையும் தாண்டி. வீடு நல்ல வீடு, மழைக்கு ஒழுகவில்லை என்று அவரே சொன்னார். பார்க்கிற வேலை இன்னமும் ராஜ வீதியில், ஒரு கடையில் கூட்டித் துடைப்பது. காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ்.

"கொளத்த இப்ப சூப்பராப் பண்ணியிருக்காங்களாமா, போய்ப் பாத்தீங்களாக்கா?" என்று அம்மா கேட்டார்.

"எங்க அம்மிணி நேரம்? ஆறு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் எட்டரைக்குத்தான்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே காந்திபுரம் பஸ் வந்தது. மிளகாய்ப் பையிலிருந்து ஒரு கை அள்ளி அவர் பைக்குள் போட்டார் அம்மா. அவர் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.