ஓடி முடிகிற பாட்டு

ரெட்ரோ என்ற பெயரில் காபிக் கடைகளில் ரிப்பன் இல்லாத தட்டச்சு இயந்திரத்தை அலமாரியில் தூக்கி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். பக்கத்திலேயே ஊசி இல்லாத கிராமபோன் ஒன்று, பளபளவென்று பித்தளைக் குழாயோடு நிற்கும். பாட்டு மட்டும் கூரையில் ஒளித்துவைத்த ஸ்பீக்கரில் இருந்து வரும். அதையும் யாரோ போனில் ஓடவிட்டிருப்பார்கள், நடுநடுவே விளம்பரத்தோடு. பழசைப் பிடிக்கும் என்று சொன்னாலே நம்மையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்க வயசுல கேட்டீங்க, அதான் பிடிக்குது. எங்க வயசுல நாங்க கேட்கிறதை நாளைக்கு நாங்க கொண்டாடுவோம்." வீட்டிலேயே இப்படி வாதாட ஆள் இருக்கிறார்கள். பாதி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மீதிப் பாதிக்கு என்ன விளக்கம்? அமெரிக்காவில் 2022-ல் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சி.டி. விற்றது 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் இசைத்தட்டு சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அப்போதுதான். டெய்லர் ஸ்விஃப்ட் இசைத்தட்டுக்கு வரிசையில் நிற்கும் கல்லூரிப் பெண்ணுக்கு எந்த இளமைக்காலத்தின் மீது ஏக்கம்? அவள் பிறப்பதற்கு முன்பே கடைகளை விட்டுப் போன பொருள் அது.

ஒலி நன்றாக இருக்கிறது என்பதற்காக வாங்குகிறார்கள் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டிஜிட்டல் கலப்பே இல்லாத தட்டு என்று காது தேர்ந்தவர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளை. அவற்றில் பலவற்றைத் தயாரிக்கும்போது நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்று 2022-ல் வெளியே வந்தது. பல வருடங்களாக இப்படித்தான். அந்தக் காதுகளில் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், பாவம். கேசட்டோ இன்னும் மோசம். இரைச்சல் உண்டு, மோட்டார் தளர்ந்தால் ஸ்ருதி ஆடும், பெல்ட் தொய்ந்தால் ஜானகியம்மா குரல் ஆண் குரலாகும். ஒலித் தரத்தில் இன்றைய போனோடு போட்டி போட அதற்கு யோக்கியதை கிடையாது.

அப்புறம் எது இழுக்கிறது? எனக்குப் பதில் கிடைத்தது சரிகமவின் கார்வான் பெட்டியைப் பார்த்தபோது. 2017-ல் சந்தைக்கு வந்தது. சரிகம என்றால் வேறு யாருமில்லை, கொல்கத்தா டம்டம்மில் இசைத்தட்டு அச்சடித்த பழைய எச்.எம்.வி.தான். பழைய டிரான்சிஸ்டர் மாதிரி தோற்றம், பெரிய வட்டத் திருகு, உள்ளே 5000 பாட்டு. உள்ளுக்குள் முழுக்க டிஜிட்டல்தான், ஊசியோ நாடாவோ எதுவும் இல்லை. கோடிக்கணக்கான பாட்டு கையிலிருக்கும் போனில் கிடக்கும்போது, தேடிப் பார்க்கவே வழியில்லாத இந்தப் பெட்டியை எதற்காகக் காசு கொடுத்து வாங்கினார்கள்? அப்பா அம்மாவுக்குப் பரிசு என்று வாங்கிப்போன பிள்ளைகளே அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த 5000-க்கு வெளியே தேடி அலைய வேண்டாம் என்பதுதான் அதன் சுகம். திருகைத் திருப்பு, வருவதைக் கேள். "அடுத்து இதைக் கேளுங்கள்" என்று அது நம்மை நச்சரிப்பதில்லை.

பழைய பொருள்களுக்கு ஓர் எல்லை இருந்தது. கேசட்டில் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் 'டக்' என்று பட்டன் தானாக மேலே எழும்பும். எழுந்துபோய்த் திருப்பிப் போடவேண்டும், இல்லை போதும் என்று விட்டுவிட வேண்டும். ஃபிலிம் கேமராவின் 36 படமும் இதே கதைதான். நம் கையில் இப்போது இருப்பதற்கு முடிவே இல்லை. ராத்திரி ஒரு பாட்டுக் கேட்கலாம் என்று ஆரம்பித்தால் விடியும்வரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், நாம் கேட்கிறோமா தூங்கிவிட்டோமா என்ற கவலையே இல்லாமல்.

கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்டது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு செய்தது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நாடா ஓடும். 60 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா. 90 நிமிடக் கேசட்டில் அதே கூட்டுக்குள் இன்னும் அதிக நீளத்தை அடைக்க வேண்டும் என்பதால் நாடாவை மெல்லிசாக்கியிருப்பார்கள், அதனால் அடிக்கடி சிக்கும். இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே, கேட்ட பாட்டுகளைக் காலிக் கேசட்டில் பதிந்து தரும் எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் சொல்லுவார்: "தொண்ணூறு வேணாம் தம்பி, மென்னுடும். அறுபதே வாங்கு."

அந்த ரெக்கார்டிங் சென்டர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். சட்டப்படி பார்த்தால் அது திருட்டுத்தான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் இசை ரசனை அந்த எட்டுக்கு எட்டு கடைகளில் உருவானது. ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டுத்தான் அடங்கும். ஆகவே வீட்டிலேயே அடித்து அடித்து எழுதி, தங்கைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று பேரம் பேசித்தான் அந்தத் தாள் முடிவாகும். கொண்டுபோய்க் கொடுத்தால் அண்ணன் மேலும் கீழும் பார்ப்பார். "இந்தச் சோகப் பாட்டுக்கு அப்புறம் இது ஒட்டாதேப்பா" என்று வரிசையை மாற்றுவார். பக்கம் முடிய இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் ஏதாவது படத்தின் டைட்டில் மியூசிக்கைப் போட்டு நிரப்புவார். நாம் கேட்காதது அது. ஆனால் பிறகு ஆயுசு முழுக்க அந்தப் பாட்டு முடிந்ததும் காது அந்த மியூசிக்கை எதிர்பார்க்கும். இன்று ஒரு செயலி எனக்காகத் தேர்ந்தெடுக்கிறது, நான் நேற்று கேட்டதை வைத்து. அந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். சில சமயம் தப்பாகவும்தான். எனக்குப் பிடிக்காத ஒரு டூயட்டை ஒவ்வொரு கேசட்டிலும் தள்ளிவிடுவார். அவருக்கு அதில் என்ன கதையோ!

பாட்டைத் தாண்டியும் ஒன்று இருந்தது: கதை வசனம். திருவிளையாடல் தருமி காட்சியை ஒலிபெருக்கியில் போடாத திருவிழா எங்கள் பக்கத்தில் கிடையாது. 1984-ல் வந்த விதி படத்தின் நீதிமன்றக் காட்சி வசனக் கேசட் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஓடிக்கொண்டே இருந்தது. படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம். ஒரு சினிமாவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட சமூகம் நாம். இப்போது பாட்காஸ்ட் என்று புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது வளைகுடாக் கேசட்கள். சவுதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் ஊருக்குப் பேசி அனுப்பியது, ஊரிலிருந்து அவர்களுக்குப் போனது. தொலைபேசிக்கு நிமிடக் கணக்கில் காசு பறந்த காலம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கடிதம் என்றால் இன்னொருவர் வாயால்தான். கேசட்டில் அந்த இடையாள் இல்லை. சிவப்புப் பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டு, இயந்திரத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு பேச ஆரம்பிப்பார்கள். "நல்லா இருக்கியா ராசா" என்பதற்குப் பிறகு அரை நிமிடம் ஒன்றும் வராது. பின்னால் கோழி கத்தும், பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கும், பிள்ளையைக் கிள்ளிவிட்டு "அத்தாவுக்குச் சலாம் சொல்லு" என்பார்கள். ஊருக்குப் போகிறவர் பெட்டியில் சோப்பு, சென்ட், தைலத்தோடு அந்தக் கேசட்டும் போகும். பாட்டுக் கேசட்டை அழித்துப் பேசியவர்களும் உண்டு. அழிந்துவிடாமல் இருக்கக் கேசட்டின் முதுகில் உடைத்துவிட்ட சின்னப் பிளாஸ்டிக் காதின் குழிமேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது ஊருக்கே தெரிந்த வித்தை. பேச்சு முடிந்த இடத்தில் திடீரென்று பழைய பாட்டின் கடைசிச் சரணம் மிச்சமாகக் கேட்கும்.

இன்று வாய்ஸ் நோட் அந்த வேலையை ஆயிரம் மடங்கு நன்றாகச் செய்கிறது. ஏக்கத்தில் அதை மறைக்கமாட்டேன். பிள்ளை முகத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். யார் வேண்டாம் என்பார்கள்? போன் மாற்றும்போது அவற்றில் எத்தனை கூடவே வருகின்றன என்பது மட்டும் என் கேள்வி.

இந்தக் கேள்வி பாட்டுக்கும் பொருந்தும். ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சரிகமவோடு வழக்கு வந்து, அவர்களுடைய பாட்டுகள் எல்லாம் அங்கிருந்து இறங்கின. அடுத்த ஆண்டு ஒப்பந்தமான பிறகுதான் திரும்பின. மாதாமாதம் பணம் கட்டுகிறவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஏனென்றால் பாட்டு அவருடையது இல்லை. என் பீரோவில் இருக்கும் கேசட் என்னுடையது. நாடா அறுந்தால் முனையில் இருக்கும் திருகுகளைக் கழற்றி ஒட்டிக்கொள்வேன், பாட்டில் ஒரு நொடி போகும், அவ்வளவுதான். மூட வழியுள்ள பொருளைத் திறக்கவும் வழி வைத்திருந்த காலம் அது. இப்போது காதில் மாட்டும் ஒரு சின்னக் கருவியின் பேட்டரி செத்தால் குப்பைத்தொட்டிதான்.

பழசை எல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கடையில் விற்ற சினிமாப் பாட்டுக் கேசட்டில் பெரும்பாலானவை போனால் போகட்டும், அவை வேறு எங்காவது இருக்கும். பேசிப் பதிந்த கேசட் மட்டும் உலகத்திலேயே ஒன்றுதான். உங்கள் வீட்டில் இருந்தால் உடனே ஓடவிடாதீர்கள். முதலில் கேசட்டின் நடுவில் நாடா தெரியும் ஜன்னலைப் பாருங்கள், நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், டேப்ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, கேசட்டை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் போட்டுக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். மூலக் கேசட்டைத் தூக்கிப் போடவேண்டாம். டி.வி. மேல், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம்.

அப்படியே, விதி வசனக் கேசட் ஓடுகிற நிலையில் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். டெக் நான் கொண்டுவருகிறேன்.