மண்டபத்தோடு நின்ற ரயில்

"அதான் புது பாம்பன் ரயில் பாலம் திறந்தாச்சே, இன்னும் என்ன கோபம்?"னு கேட்கிறாங்க. எப்படிங்க மறக்கும்?

2019-ல் அடிக்கல். 2021 கடைசியில் முடிஞ்சிடும்னாங்க. முடியலை. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்தினாங்க. அப்புறம் ரெண்டே கால் வருஷம் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை! பாலத்துக்கு முன்னாடி இருக்கிற மண்டபம் ஸ்டேஷனிலேயே இறங்கணும். விடியாத இருட்டில் மூட்டை முடிச்சோடு பஸ்ஸைத் தேடி ஓடணும். எங்க அம்மாவுக்கு முட்டிவலி. பஸ் படி ஏறுறதுக்குள்ள உயிரே போயிடும். ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுக்கணும். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு எத்தனை அடுத்த மாசம்?

செலவு? சுமார் 250 கோடின்னு ஆரம்பிச்சது 550 கோடிக்கு மேல போச்சு. திறந்தது 2025 ஏப்ரல் 6. கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே, 1911-ல் தொடங்கின பழைய பாலத்தில் 1914-ல் ரயில் ஓடிச்சே! அந்த ரெண்டே கால் வருஷத்தை எங்க அம்மாவுக்கு யார் திருப்பிக் கொடுப்பா?